மண்சரிவு மீட்புக்கு வரும் படையினரைத் தேயிலைத் தோட்டத்தில் கவனித்துக்கொள்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

இலங்கையின் மலையகத்தில் மண் சரிந்தால் முதலில் மண்வெட்டியோடு ஓடுவது பக்கத்து லயத்துக்காரர்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்கிறவர்கள். பாதை திறந்திருந்தால் சில மணி நேரத்தில் இராணுவம் வந்து சேரும். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையிலும், 2016 மே மாதம் அரநாயக்கவிலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களிலும் படையினர் சேற்றில் இறங்கித் தேடினார்கள். வருகிறவர்களில் பலர் வரண்ட பிரதேசத்துப் பிள்ளைகள். மலைக்குளிரும் அட்டையும் வழுக்கும் படிக்கட்டும் அவர்களுக்குப் புதிது. வெளிநாட்டுக் குழு என்றால் மொழியும் புதிது.

தோட்டத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது சோறாக்கிப் போடுவதுதான். மனது நல்லது. ஆனால் இராணுவப் பிரிவு பெரும்பாலும் தன் உலருணவோடும் சமையல்காரரோடும் வரும். அவர்கள் லொறியில் ஏற்றி வர முடியாதவை மூன்று: காய்ந்த இடம், சுடுதண்ணி, அந்த மலையை அறிந்த ஆள். தோட்டம் இந்த மூன்றையும் முதலில் கொடுக்க வேண்டும். சோறு அதற்குப் பிறகு. இடம்பெயர்ந்த குடும்பங்களின் அரிசியிலிருந்து ஒரு சுண்டுகூட படையினரின் பானைக்குப் போகக் கூடாது. இது இந்த வழிகாட்டி முழுவதற்கும் பொருந்தும் விதி.

கீழே வரும் அளவுகள் எல்லாம் 30 பேருக்கு, ஒரு நாளைக்கு. ஆள் கூடினால் அதே விகிதத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

1. முதல் மணி நேரம்: யாரிடம் பேசுவது

தோட்டத்திலிருந்து பத்துப் பேர் பத்து விதமாகப் போய்ப் பேசினால் பொறுப்பதிகாரி யாருக்கும் காது கொடுக்க மாட்டார். இரண்டு பேரை மட்டும் நியமியுங்கள். ஒருவர் தோட்டத் தலைவர் அல்லது கோயில் கமிட்டியில் மதிப்புள்ளவர். மற்றவர் சிங்களம் தடையில்லாமல் பேசுகிறவர், முடிந்தால் ஒரு பெண். இவர்கள் கிராம உத்தியோகத்தரோடு போய் படைப்பிரிவின் பொறுப்பதிகாரியைச் சந்திக்க வேண்டும். அனர்த்த வேலைகள் மாவட்டச் செயலாளர், பிரதேச செயலாளர், அனர்த்த முகாமைத்துவ நிலையம் வழியாகத்தான் நடக்கும். நிலையத்தின் அவசர எண் 117. கிராம உத்தியோகத்தரைத் தாண்டிப் போனால் பின்னால் பொருள், இடம், செலவு எல்லாவற்றிலும் சிக்கல் வரும்.

கேட்க வேண்டியவை:

- மொத்தம் எத்தனை பேர், எத்தனை நாள் தங்குவார்கள்?
- சமையலுக்கு ஆளும் உலருணவும் இருக்கிறதா? விறகோ காஸோ இருக்கிறதா?
- எந்த நேரத்தில் எந்த இடத்தில் வேலை? இரவு வேலை உண்டா?
- இப்போது உடனடியாக எது இல்லை?

கடைசிக் கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் உணவைப் பற்றியதாக இருக்காது. உலர்ந்த காலுறை, போன் சார்ஜ் செய்ய ஒரு பிளக், இரவில் வெளிச்சம், ஒரு கழிவறைச் சாவி என்றுதான் வரும். ஒரு கொப்பியில் நேரத்தோடு எழுதி வையுங்கள். மறுநாள் ஆள் மாறினாலும் கொப்பி மாறாது.

தோட்ட நிர்வாகத்திடமும் அன்றே பேசிவிடுங்கள். சமையலுக்கும் சுடுதண்ணிக்கும் நிற்கிறவர்கள் அன்றைய சம்பளத்தை இழப்பார்கள். அவர்களுக்குப் பேர் (முழு நாள் சம்பளம்) போடுவதா, அரைப்பேரா என்பதைத் துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) முதல் நாளே முடிவாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் கேட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

2. வீட்டுப் பட்டியல்: தோட்டம் கொடுக்கக்கூடிய பெரிய உதவி

மீரியபெத்தையில் முதல் நாட்களில் காணாமல் போனவர்கள் நூற்றுக்கணக்கில் என்று பேசப்பட்டது. பிறகு அந்த எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. பள்ளிக்குப் போன பிள்ளை, கொழும்பில் வேலை செய்கிற மகன், வேறு டிவிஷனில் உறவு வீட்டுக்குப் போன ஆச்சி என எல்லோரையும் சேர்த்து எண்ணினால் இப்படித்தான் ஆகும். எத்தனை பேரைத் தேடுகிறோம், எங்கே தோண்டுகிறோம் என்று தெரியாமல் சிப்பாய்கள் வெறுமனே மண்ணை வாருவார்கள்.

ஆகவே பெரட்டுக்களத்தில் (காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடம்) ஒரு மேசை போட்டு, லயம் லயமாக, காம்பரா காம்பராவாக (அறை அறையாக) எழுதுங்கள். ஒவ்வொரு காம்பராவிலும் வாழ்ந்தவர்களின் பெயர், வயது, கடைசியாக யார் எங்கே எத்தனை மணிக்குப் பார்த்தார், இப்போது எங்கே இருக்கிறார். உயிரோடு இருப்பவரை நேரில் பார்த்த பிறகுதான், அல்லது போனில் அவர் குரலைக் கேட்ட பிறகுதான், பெயரில் கோடு போட வேண்டும். 'இருக்கிறாராம்' என்று யாரோ சொன்னதற்குக் கோடு போடாதீர்கள். கொழுந்துக் கணக்குப் பிடிக்கிற கணக்கப்பிள்ளை, பிள்ளைக் காம்பராவை (குழந்தைகள் காப்பகத்தை) பார்க்கிற அம்மா, குடும்பநல உத்தியோகத்தர் மூவரும் உட்கார்ந்தால் பட்டியல் ஒரு மணி நேரத்தில் உருவாகிவிடும்.

கூடவே ஒரு கைவரைபடம் வேண்டும். பழைய லயங்கள் எங்கே நின்றன, எந்தக் காம்பராவின் வாசல் எந்தப் பக்கம், குசினி எந்தப் பக்கம், பீலி (ஊற்றுத் தண்ணிக் குழாய்), கிணறு, கழிவறைக் குழி, மின்கம்பம், காஸ் சிலிண்டர் இருந்த வீடுகள், மூடிப்போன பழைய கான்கள் (வடிகால்கள்). சேறு வீட்டை அப்படியே கீழே இழுத்துக்கொண்டு போயிருக்கும். ஆனாலும் 'அஞ்சாம் நம்பர் காம்பராவின் கூரைத்தகடு நீலம்' என்ற ஒரு தகவல் தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

வழிகாட்ட இரண்டு பேரை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றி மாற்றி அனுப்புங்கள். தன் குடும்பத்தைத் தேடிக்கொண்டிருப்பவரை வழிகாட்டியாக அனுப்ப வேண்டாம். அவருக்கும் ஆபத்து, அவரைப் பார்த்துக்கொண்டே தோண்டுகிறவர்களுக்கும் வேலை ஓடாது.

3. தங்குமிடம்: நல்ல கட்டடம் யாருக்கு, பாதுகாப்பான கட்டடம் எது

முதல் தரமான கட்டடம் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு. படையினருக்கு அடுத்தது. இரு தரப்பையும் ஒரே மண்டபத்தில் போடவே கூடாது. உடுப்பு மாற்றும் பெண்களுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் அது பெரிய இடைஞ்சல். இரவு வேலை முடிந்து வருகிற சிப்பாய்க்கும் தூக்கம் கிடைக்காது.

ஒரு ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் தரை வேண்டும். பழைய லயக் காம்பரா 10 அடிக்கு 12 அடி, அதாவது ஏறக்குறைய 11 சதுர மீட்டர். அதில் மூன்று பேர்தான். 20 அடிக்கு 20 அடி வகுப்பறையில் பத்துப் பேர். ஆகவே 30 பேருக்கு மூன்று வகுப்பறைகள் போதும். பாடசாலையைக் கொடுப்பதென்றால் அதிபர் வாய்மொழியாகத் தலையாட்டுவது போதாது, பிரதேச செயலகம் வழியாக எழுத்தில் அனுமதி எடுங்கள். சாவி கொடுக்கும் முன்பு மேசை, கதிரை, மின்விசிறி, கண்ணாடி எல்லாவற்றையும் எண்ணி, இரு தரப்பும் கையெழுத்து வையுங்கள். கோயில் மண்டபத்தைக் கொடுத்தால் மாமிசம் சமைக்க வேறு இடம் ஒதுக்கி, அதைத் தலைவர் முதல் நாளே பணிவாகச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் மதிப்பார்கள். சொல்லாமல் விட்டுப் பிறகு முகம் சுளிப்பதுதான் தவறு.

கட்டடம் பாதுகாப்பானதா என்று பார்ப்பது எல்லாவற்றுக்கும் முந்தியது. ஒரு சரிவு நடந்த மலையில் அடுத்த சில நாட்களுக்குள் இன்னொன்று நடப்பது சாதாரணம். பின்புறம் நிமிர்ந்து வெட்டிய மண்மேடு, நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரமும் மின்கம்பமும், திடீரென்று கலங்கி ஓடும் ஊற்று, அல்லது திடீரென்று நின்றுபோன ஊற்று, நேற்றுவரை சாத்திய கதவு இன்று இறுகுவது: இதில் ஒன்று இருந்தாலும் அந்தக் கட்டடம் வேண்டாம். ஓடைக்கு நேர் கீழே உள்ள கட்டடமும் வேண்டாம், சேறு ஓடையைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

மழைக் கணக்கை வைத்திருப்பது தோட்டம். கந்தோரில் அல்லது டிஸ்பென்சரியில் மழைமானி இருக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோலில் 24 மணி நேரத்தில் 75 மி.மீ. என்றால் மஞ்சள், 100 மி.மீ. என்றால் செம்மஞ்சள், 150 மி.மீ. அல்லது ஒரு மணி நேரத்தில் 75 மி.மீ. என்றால் சிவப்பு, அதாவது உடனே வெளியேற வேண்டும். காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் மட்டும் அளந்தால் போதாது. கன மழையில் ஒவ்வொரு மணி நேரமும் அளந்து பொறுப்பதிகாரியிடம் சொல்ல ஒரு ஆள் வேண்டும். கொழும்பிலிருந்து எச்சரிக்கை வந்து சேருவதற்கு முன்பே உங்கள் மலையில் எவ்வளவு பெய்தது என்பதை உங்களால்தான் சொல்ல முடியும்.

தரையில் முதலில் தறப்பாள், அதன்மேல் அட்டைப்பெட்டி அல்லது சாக்கு, அதன்மேல் பாய். குளிர் மேலே இருந்து வருவதைவிடச் சீமெந்துத் தரையிலிருந்து அதிகம் ஏறும். இரண்டு கம்பளி இருந்தால் ஒன்றைக் கீழே விரிக்கச் சொல்லுங்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளில் நுவரெலியாப் பக்கம் வெப்பம் 10 பாகைக்குக் கீழே போகும். சன்னல்களை முழுவதும் அடைத்து உள்ளே கரி அடுப்பு வைத்துத் தூங்குவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். கரிப்புகை மணமில்லாமல் ஆளைக் கொல்லும்.

கழிவறை 20 பேருக்கு ஒன்று என்பது குறைந்த அளவு. 30 பேருக்கு இரண்டு. குழி நிறைந்திருக்கிறதா என்று முதல் நாளே பார்த்து, பிரதேச சபையின் கல்லி பவுசரை (கழிவு உறிஞ்சும் வண்டியை) கேட்டு வையுங்கள். பாதை மூடியிருந்தால் பவுசர் வராது. அப்போது பீலிக்கும் ஓடைக்கும் கீழ்ப்புறமாக, குறைந்தது 30 மீட்டர் தள்ளிக் குழி வெட்ட வேண்டும்.

4. சுடுதண்ணியும் காய்ந்த காலும்

இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். நாள் முழுவதும் ஈரச் சப்பாத்துக்குள் இருந்த கால் வெளுத்து, சுருங்கி, மரத்துப்போகும். இரண்டு நாள் அப்படியே விட்டால் தோல் பிளந்து நடக்கவே முடியாது. 30 பேரில் ஐந்து பேர் படுத்துவிட்டால் அது மீட்பு வேலைக்குத்தான் நட்டம். இரவில் கால் தொடர்ச்சியாக எட்டு மணி நேரமாவது காய்ந்திருக்க வேண்டும்.

குளிக்க ஒரு ஆளுக்கு 15 லீட்டர் இளஞ்சூட்டுத் தண்ணி. நன்றாகக் கொதித்த 5 லீட்டரை 10 லீட்டர் பச்சைத் தண்ணியில் கலந்தால் உடம்புக்கு ஏற்ற சூடு வரும். ஆக 30 பேருக்கு 150 லீட்டர் கொதிநீர். மூன்று கல் அடுப்பில் 10 லீட்டரைக் கொதிக்கவைக்கக் காய்ந்த விறகு ஏறக்குறைய 2 கிலோ எரியும். குளியலுக்கு மட்டும் 30 கிலோ. சமையலையும் தேத்தண்ணியையும் சேர்த்தால் நாளைக்கு 60 முதல் 70 கிலோ விறகு. ஈர விறகென்றால் இதைவிடக் கூடும், புகையும் கண்ணை எரிக்கும். கவ்வாத்து மிலாறு (வெட்டிய தேயிலைக் குச்சி) சீக்கிரம் பிடிக்கும், ஆனால் நின்று எரியாது. பற்றவைக்க மிலாறு, நின்று எரிய ஸ்டோரின் (தொழிற்சாலையின்) விறகுக் கொட்டிலில் இருக்கும் யூகலிப்டஸ். அதை எடுக்க துரையிடம் எழுத்தில் கேளுங்கள்.

சடலங்களை எடுத்தவர்களுக்கான குளியலிடம் லயத்துக்கு வெளியே, தனியாக இருக்க வேண்டும். சவர்க்காரமும் சுடுதண்ணியும் மாற்று உடுப்பும் அங்கேயே தயாராக இருக்கட்டும். இது நம் வழக்கத்துக்கும் பொருந்தும், நோய்த் தடுப்புக்கும் பொருந்தும். அவர்கள் குளித்து முடித்து உட்காரும்வரை யாரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம். இனிப்புக் கூடிய ஒரு தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துவிட்டு நகருங்கள். 'எப்படி இருந்தது, யாருடைய உடம்பு' என்று கேட்கிறவர்களை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

சப்பாத்தை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் அடித்தோல் பசை விட்டுக் கழன்றுவிடும். உள்தட்டை எடுத்து, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை தாளை மாற்றுங்கள். மூன்று தடவை மாற்றினால் காலையில் போடக்கூடியதாக இருக்கும். உடுப்பைக் காயவைக்கத் தோட்டத்தில் தொழிற்சாலையைவிட நல்ல இடம் கிடையாது. கொழுந்து வாட்டும் மாடியின் காற்றும் உலர்த்தும் இயந்திரம் இருக்கும் அறையின் சூடும் ஒரே இரவில் முப்பது பேரின் காலுறையைக் காயவைத்துவிடும். தேயிலை படும் இடத்தில் சேற்று உடுப்பைக் கொண்டுபோகத் தொழிற்சாலை விதிகள் இடம் தராது. ஆகவே அலசிப் பிழிந்த பிறகு, தேயிலை இல்லாத ஓர் ஓரத்தை நிர்வாகத்திடம் கேளுங்கள். ஒவ்வொரு பொருளிலும் பெயர்த் துண்டு கட்டுங்கள், இல்லாவிட்டால் காலையில் ஒரு மணி நேரம் தேடுவதிலேயே போகும்.

அட்டைக்கு: சவர்க்காரத்தைக் காய்ந்த நிலையில் காலுறையின் வெளிப்பக்கம் தேய்த்துவிட்டால் ஏறுவது குறையும். கடித்ததைப் பிய்க்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தைத் தள்ளி எடுக்கச் சொல்லுங்கள்.

5. தண்ணீர்

மண் சரிந்த பிறகு பீலித் தண்ணி தெளிவாக வந்தாலும் நம்ப வேண்டாம். மேலே கழிவறைக் குழியும் செத்த ஆடுமாடும் அதோடு கலந்திருக்கலாம். குடிக்க ஒரு ஆளுக்கு நாளைக்கு 4 லீட்டர் என்றால் 120 லீட்டர். துணியில் வடித்து, தளதளவென்று கொதித்த பிறகு மூன்று நிமிடம் விடுங்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணி ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால்தான் கீழ்நாட்டைவிடக் கூடுதல் நேரம். காய்ச்சியதை மூடியும் குழாயும் உள்ள பரலில் ஊற்றுங்கள். மூடியைத் திறந்து கோப்பையால் மொள்ளும் வாளியில் ஊற்றினால் காய்ச்சியதே வீண், ஒரு சேற்றுக் கை போதும்.

6. தேத்தண்ணியும் சாப்பாடும்

தேத்தண்ணி விஷயத்தில் தோட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அளவு தெரிந்திருக்க வேண்டும். ஒரு தடவைக்கு 6 லீட்டர் தண்ணி, 70 முதல் 75 கிராம் தூள், 400 கிராம் சீனி, 100 கிராம் இஞ்சி தட்டிப் போட்டது. நாளைக்கு ஐந்து தடவை: விடியும் முன், பத்து மணி, இரண்டு மணி, இருட்டும் நேரம், இரவு வேலைக்காரர்களுக்கு நடுச்சாமம். ஐந்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 375 கிராம் தூள், 2 கிலோ சீனி. பால் சேர்க்க வேண்டாம், சீக்கிரம் கெடும். தூளை நேராகக் கிடாரத்தில் கொதிக்கவிட்டால் இரண்டாம் கோப்பை கசக்கும். துணிப்பையில் கட்டி ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். சக்கரை வியாதிக்காரர் இருக்கலாம் என்பதால் ஒரு பிளாஸ்க் சீனியில்லாமல் தனியாக.

தேத்தண்ணி கொண்டுபோகிறவர்கள் தோண்டும் இடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே, மேட்டுப்பக்கமாக ஓர் இடத்தைப் பொறுப்பதிகாரியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பிரிந்து பிரிந்து வந்து குடிப்பார்கள்.

சோறு கொடுக்கச் சொல்லிக் கேட்டால், மண் வெட்டுகிறவருக்கு ஒரு வேளைக்கு 200 கிராம் அரிசி. 30 பேருக்கு 6 கிலோ அரிசி, 2 கிலோ மைசூர்ப் பருப்பு, 4 கிலோ மரக்கறி, கருவாடு ஒன்றரைக் கிலோ. ஆறு கிலோவையும் ஒரே கிடாரத்தில் போடாதீர்கள். அடி குழையும்போது மேலே நறுக்கரிசியாக நிற்கும். மூன்று மூன்று கிலோவாக இரண்டில் போடுங்கள். பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, வெந்த பிறகுதான் உப்பும் புளியும். கடலை, பயறு போன்றவற்றை இந்த உயரத்தில் பெரிய பானையில் வேகவைக்கப் பார்த்தால் விறகும் நேரமும் தீரும், கடலை லேசில் வேகாது. பிரஷர் குக்கர் இருந்தால் மட்டும்.

வெளியே கட்டிக் கொடுக்கும் உணவில்தான் வயிற்றோட்டம் தொடங்கும். சூடான சோற்றை அப்படியே பார்சல் கட்டினால் உள்ளே வியர்த்து, நாலு மணி நேரத்தில் கெடத் தொடங்கும். தேங்காய்ப்பால் விட்ட பருப்பும் பச்சைத் தேங்காய்ச் சம்பலும் அதைவிடச் சீக்கிரம். ஆகவே மலைக்குக் கொண்டுபோக ரொட்டிதான் சரி: 7 கிலோ கோதுமை மா, 7 தேங்காய், ஆளுக்கு மூன்று ரொட்டி. தொட்டுக்கொள்ளத் தேங்காய் போடாத கட்டச் சம்பல், பொரித்த கருவாடு. ரொட்டியை ஆறவிட்டுப் பிறகு கட்டுங்கள். சோற்றுப் பார்சல்தான் வேண்டும் என்றால் கட்டிய நேரத்தை மேலே எழுதுங்கள், நாலு மணி நேரம் தாண்டியதை யாரும் தொடக் கூடாது. வயிற்றோட்டமோ காய்ச்சலோ இருக்கிறவர், கையில் புண் உள்ளவர் சமையல் பக்கம் வரவே கூடாது, அவர் எவ்வளவு நல்ல சமையல்காரராக இருந்தாலும் சரி.

என்ன சாப்பிட மாட்டார்கள் என்பதைக் கேட்டு எழுதுங்கள். மாட்டிறைச்சி தொடாதவர், ஹலால் மட்டும் சாப்பிடுகிறவர், போயா நாளில் மாமிசம் தவிர்க்கிறவர் எல்லோரும் ஒரே பிரிவில் இருப்பார்கள். மரக்கறிச் சாப்பாடாகவே செய்துவிட்டு, கருவாட்டைத் தனித் தட்டில் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

சாராயம், கசிப்பு கண்டிப்பாக வேண்டாம். குளிருக்கு ஒரு மடக்கு என்று அன்பாகக் கொடுப்பவரைத் தலைவரே தடுக்க வேண்டும். குடித்தவரின் உடம்பு சூட்டைச் சீக்கிரம் இழக்கும், சரிவான சேற்றில் கால் தடுமாறும்.

7. சத்தம், விசில், ஹெலிகொப்டர்

மண்ணுக்குள்ளிருந்து குரல் கேட்கிறதா என்று பார்க்கும்போது முழு மலையும் அமைதியாக இருக்க வேண்டும். சர்வதேச மீட்புக் குழுக்கள் பயன்படுத்தும் முறை இது: மூன்று விநாடிக்கு நீண்ட ஒரு விசில் என்றால் எல்லோரும் நிறுத்தி அமைதி, நீண்டது ஒன்று குறுகியது ஒன்று என்றால் வேலை தொடரும், குறுகிய மூன்று விசில் திரும்பத் திரும்ப என்றால் உடனே வெளியேற வேண்டும். வந்திருக்கும் பிரிவு இதையே பயன்படுத்துகிறதா என்று கேட்டு, லயம் லயமாகச் சொல்லிவையுங்கள். அமைதி விசிலுக்குக் கோயில் ஒலிபெருக்கி, ஓட்டோ, ஒப்பாரி எல்லாம் நிற்க வேண்டும். அழுகிற தாயிடம் இதை முன்கூட்டியே, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள்.

ஹெலிகொப்டர் இறங்கும் மைதானத்தில் தறப்பாள், தகடு, கொடியில் காயும் துணி எதுவும் இருக்கக் கூடாது. பிள்ளைகளைத் தூரமாக, ஒரு கட்டடத்துக்குள் வைத்திருங்கள். இறங்கிய பிறகும் அழைக்காமல் யாரும் போகக் கூடாது, வால்பக்கமாக ஒருபோதும் வேண்டாம்.

8. பெண்கள், பிள்ளைகள், பழைய பயம்

சீருடையைக் கண்டால் பயப்படும் குடும்பங்கள் மலையகத்தில் உண்டு. 1983 இனக்கலவரத்தையும் யுத்தகாலத்துச் சுற்றிவளைப்புகளையும் கண்டவர்கள் இன்னும் லயங்களில் வாழ்கிறார்கள். அந்தப் பயத்தை வெட்கப்படவைத்துப் போக்க முடியாது. யாரையும் உபசரிக்கக் கட்டாயப்படுத்த வேண்டாம். வர விரும்புகிறவர்கள் வரட்டும். நான்கு நாள் ஒரே சேற்றில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்று வெட்டிய பிறகு தானாகவே வருகிறவர்கள் உண்டு.

நடைமுறையில் சில விதிகள் எப்போதும் இருக்க வேண்டும். தேத்தண்ணி கொண்டுபோவது குறைந்தது இரண்டு பெரியவர்கள் சேர்ந்து. இருட்டிய பிறகு பெண் பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம். தங்குமிடத்துக்குள் போகாமல் இஸ்தோப்பில் (முன் வராந்தாவில்) வைத்துவிட்டு வர வேண்டும். பிள்ளைகள் ஆயுதத்துக்கும் வாகனத்துக்கும் பக்கத்தில் போகக் கூடாது. இந்த விதிகளைப் பொறுப்பதிகாரியிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒழுங்கான அதிகாரி இதை அவமதிப்பாக எடுக்க மாட்டார், தன் ஆட்களுக்கும் அதையே கட்டளையாகப் போடுவார். முறைப்பாடு இருந்தால் பிள்ளைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938. இந்த இரண்டு எண்களையும் பிள்ளைக் காம்பராவின் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

9. காய்ச்சல் வந்தால்

சேற்றில் வேலை செய்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் ஆபத்து அதிகம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மறுநாள்வரை பார்க்கக் கூடாது. தடுப்பு மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலமாகச் சுகாதார வைத்திய அதிகாரி கொடுப்பார். கடையில் வாங்கி நீங்களாகக் கொடுக்காதீர்கள். வயிற்றோட்டத்துக்கு ஜீவனிக் கரைசல். அது தீர்ந்துவிட்டால் காய்ச்சி ஆறிய ஒரு லீட்டர் தண்ணியில் மட்டம் தட்டிய ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். அம்புலன்ஸ் எண் 1990. பாதை மூடியிருந்தால் அம்புலன்ஸ் எதுவரை வரும், அங்கே தூக்கிக்கொண்டு போக எத்தனை பேர் வேண்டும் என்பதை முதல் நாளே முடிவு செய்து வையுங்கள்.

10. வெளிநாட்டுக் குழு வந்தால்

டித்வாவுக்குப் பிறகு இந்தியாவின் தேசிய அனர்த்த மீட்புப் படை வந்தது, இந்திய இராணுவம் மஹியங்கனையில் கள வைத்தியசாலை நடத்தியது. இப்படிப்பட்ட குழுக்கள் கூடாரம், தண்ணி சுத்திகரிப்பு, உணவு எல்லாவற்றையும் கொண்டுவரும். அவர்கள் எங்கே வேலை செய்வது என்பதை அரசாங்கமே தீர்மானிக்கும். 'எங்கள் பக்கம் வாருங்கள்' என்று நேரே கேட்டு இழுக்க வேண்டாம். தேவையைக் கிராம உத்தியோகத்தர் வழியாக மேலே சொல்லுங்கள்.

அவர்களுக்கு வேண்டியது மொழி. இந்திய மீட்புப் படையின் நான்காம் பட்டாலியன் அரக்கோணத்தில் இருப்பதால் தமிழ் பேசுகிறவர்கள் வரக்கூடும். இல்லாவிட்டால் ஹிந்தியும் ஆங்கிலமும்தான். பாடசாலை ஆங்கில ஆசிரியரை இரண்டு நேர முறையில் நிறுத்தினால் கள வைத்தியசாலைக்குப் பெரிய கை. நோயாளி சொல்வதை அப்படியே மொழிபெயர்க்க வேண்டும், சுருக்கக் கூடாது, வெளியே பேசக் கூடாது என்று அவரிடம் முன்பே சொல்லுங்கள். பெண் நோயாளிகளுக்குப் பெண் மொழிபெயர்ப்பாளர். வடநாட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் சோறு இறங்காது. நம் ரொட்டியைத் தேங்காய் குறைத்து மெல்லியதாகத் தட்டிக் கொடுத்தால் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

11. படம், பணம், பொருள்

சடலம், அழுகிற குடும்பம், தூங்குகிற சிப்பாய் ஆகியோரைப் படமெடுத்து முகநூலில் போடுவதைத் தலைவர் தடுக்க வேண்டும். குடும்பத்துக்குச் செய்தி போகும் முன்பு படம் போய்விட்டால் அந்தக் காயம் ஆறாது.

படையினரின் பெயரில் பணம் திரட்டாதீர்கள். அவர்களுக்குப் பணம் தேவையில்லை, உங்கள் பெயர்தான் கெடும். பொருளாக வருவதைத் திகதி, கொடுத்தவர், அளவு, எங்கே போனது என்று நான்கு பத்தியில் எழுதி, ஒவ்வொரு மாலையும் பெரட்டுக்களத்தில் வாசியுங்கள். பழைய துணி மூட்டை மூட்டையாக வரும். அதை வாங்கி வைக்க இடமில்லை என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். புதிய காலுறை 60 சோடி, டோர்ச் பற்றரி, சவர்க்காரம், கையுறை, தறப்பாள் இவைதான் கேட்டு வாங்க வேண்டியவை.

12. புறப்படும் நாள்

பிரிவு கிளம்பும் செய்தி பெரும்பாலும் முந்தின இரவுதான் வரும். வழியனுப்பு விழா, மாலை, மேடைப்பேச்சு எதுவும் வேண்டாம். இன்னும் உடம்பு கிடைக்காத குடும்பங்கள் அங்கே நிற்கும். ஒரு தேத்தண்ணியும் வழிக்கு ரொட்டிப் பொதியும் போதும். பொறுப்பதிகாரியிடம் வீட்டுப் பட்டியலின் பிரதி ஒன்றையும், தேடி முடித்த இடங்கள் குறித்த வரைபடத்தின் பிரதி ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து வரும் பிரிவுக்கும், பிறகு மரணச் சான்றிதழுக்கு அலையும் குடும்பங்களுக்கும் அது வேண்டும்.

பிறகு பாடசாலைப் பொருள்களை முதல் நாள் எழுதிய பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். இரவல் வாங்கிய கிடாரங்களையும் கம்பளிகளையும் பெயர்த் துண்டைப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். கம்பளியைச் சுடுதண்ணியில் அலசிக் காயவைத்த பிறகுதான் கொடுக்க வேண்டும். தற்காலிகக் குழிகளைச் சுண்ணாம்பு போட்டு, மண் அடித்து மூடி, மேலே அடையாளம் வையுங்கள். வகுப்பறையைக் கிருமிநாசினியால் கழுவி ஒரு நாள் காயவிட்டு, சாவியை அதிபர் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.